தேக்கு நிறம்

மரச்சாமான் கடையில் விற்பனையாளரான அவருக்குத் ‘தேக்கு’ என்றே பெயர். எந்தக் கட்டிலைக் காட்டினாலும் ஒரு தட்டு தட்டி, "அசல் தேக்குங்க. பேரன் காலம் வரைக்கும் அசையாது" என்பார். உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே இருப்பது தேக்கு நிறத் தாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பதினெட்டு வருடமாக ‘அசல் தேக்கு’ என்று சொல்லித்தான் விற்றார்.

ஒருநாள் தையல்காரம்மா ஒருவர் வந்தார். அவர் கணவருக்குப் பக்கவாதம்.

"புடிச்சிக்கிட்டு எந்திரிக்கிற மாதிரி கெட்டியா ஒரு கட்டில் வேணும் தம்பி."

தேக்கு வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டார்.

ஐந்தாம் மாதம், கணவர் பிடித்து எழும்போது தலைமாட்டுப் பலகை பெயர்ந்து கையோடு வந்தது. விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்தம்மா நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். ரசீதில் ‘கட்டில் ஒன்று’ என்று மட்டுமே இருந்தது. வாயால் பொய் சொல்லி விற்றதும் குற்றமே, ஆனால் சொன்னதற்குச் சாட்சி வேண்டும் என்றார் நீதிபதி. சாட்சி என்று இருந்தவர் தேக்கு ஒருவர்தான்.

"தேக்கு நிறம்னுதான் சொன்னேன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானே?" என்றார் முதலாளி.

வேலை போய்விடுமே என்ற பயத்தில் அப்படியே சொன்னார். அந்தம்மா கத்தவில்லை, சாபமிடவும் இல்லை. அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். வழக்கு தள்ளுபடியானது.

அதன்பின் வாடிக்கையாளர் யாராவது "இது என்ன மரம்?" என்று கேட்டால் விலைச்சீட்டை மட்டும் காட்டினார். வீட்டிலும் பேச்சு குறைந்தது. "நாக்கைக் கடையிலயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று மனைவி கேலி செய்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, விசாரித்துக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்றபடி, "அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. இப்போ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார்.

அந்தம்மா தைப்பதை நிறுத்தினார்.

"அவரு போய் எட்டு மாசமாச்சு தம்பி. தான் பாரமா சாஞ்சதாலதான் ஒடைஞ்சிடுச்சுன்னு கடைசிவரைக்கும் பொலம்பிக்கிட்டே இருந்தாரு. இல்லைங்கன்னு நான் எவ்வளவோ சொன்னேன். ‘கட்டில் மேல தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே’ன்னுட்டாரு."

தேக்கு கொண்டுவந்திருந்த தாளை நீட்டினார். அந்தம்மா வாங்கி, நிதானமாக முழுவதையும் படித்தார்.

"இதை இனிமே நான் யாருக்குப் படிச்சுக் காட்டுறது?"