மாப்பிள்ளையின் மணிக்கட்டு அளவு

உள்ளங்கையில் கொட்டினால் சில்லென்று வழிந்து விரலிடுக்குகளில் குளிர்ந்து கிடக்கும் அந்த வாட்ச் செயினை நானும் அக்காவும் மாறிமாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மஸ்கட்டில் வேலை பார்த்த சித்தப்பா, அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடவென்று அனுப்பிய சுவிஸ் வாட்ச் அது. திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் ‘ஃபாரின் வாட்ச்’. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா ஆசையாய்த் தன் கையில் கட்டிப் பார்த்தார். வளையல் மாதிரி தொங்கியது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் கடை வைத்திருந்த பாய் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கண்ணி கழட்டுறது பெரிய வேலை இல்ல சார். ஜாஸ்தி கழட்டினா இறுக்கும், கம்மியா கழட்டினா ஓடும். மாப்பிள்ளை கை அளவு கொண்டாங்க.”

அதை எப்படிக் கேட்பது? அவர்கள் வரதட்சணை என்று எதுவுமே கேட்காத சம்பந்திகள். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் மேடையில் தன் கையாலேயே வாட்சைக் கட்டிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆனால் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளை கும்பிடுவதற்குக் கையைத் தூக்கியதும் புது வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடி, மண்டபமே சிரித்தது அவருக்கு மறக்கவில்லை. “அந்த மாதிரி ஆச்சுன்னா நான் ஆபீஸ்ல தலைகாட்ட முடியாது” என்றார், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பா.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சம்பந்தி வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கப் போகும்போது நானும் போய், மாப்பிள்ளை கையில் கோயில் கயிறு கட்டி, “முடிச்சு சரியா விழல” என்று உடனே அவிழ்த்து, முடிச்சு விழுந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக் கொண்டுவந்துவிட வேண்டும். “வாட்ச் கட்டுற எடது கை. மறந்துடாதடி” என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை தன் வீட்டின் முன்பகுதியிலேயே உரக்கடை வைத்திருந்தார். அப்பா உள்ளே பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்க, நான் கயிற்றோடு கடைக்குள் போய் நின்றேன்.

“மாமா, எடது கைய நீட்டுங்க.”

“ஆம்பளைங்களுக்கு வலது கையிலதான கட்டுவாங்க?”

“இல்ல. எடது கைதான்.”

“யாரு சொன்னது?”

இதற்கு அம்மா பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமே என்னால் நின்றுவிடப் போகிறது என்று பயந்து அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக, மஸ்கட் சித்தப்பா முதல் முழங்கைக்கு ஓடிய வாட்ச் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா உரமூட்டையில் சாய்ந்து, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எடது கைய அளந்து புண்ணியம் இல்ல பாப்பா. நான் எடது கைக்காரன். வாட்ச் வலது கையிலதான் கட்டுவேன். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா வலது கையால டம்ளர் புடிடான்னாங்க. அதான் காபி கொட்டிச்சு.”

நாங்கள் அதைக் கூச்சம் என்றல்லவா நினைத்திருந்தோம்! மூட்டை தைக்கும் நூலைத் தன் வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த அளவுக்கு வெட்டி என் கையில் வைத்தார்.

“எனக்கு எதுவும் தெரியாது, சரியா? ஆனா ஒங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடு. அப்புறமா தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது.”

அன்று சாயங்காலம் சொன்னேன். அக்கா பூ கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“எழுதறதும் எடது கையாலயா?”

“தெரியலையே.”

“அதப் பாத்துட்டு வர மாட்ட?” என்று என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் காரணமே இல்லாமல் அடிக்கடி சிரித்துக்கொண்டாள்.

அந்த நூல் அளவுக்குக் கோயில் கயிற்றில் நான் வைத்த புள்ளியைப் பார்த்து, பாய் நான்கு கண்ணிகளைக் கழற்றினார். மேடையில் அப்பா வாட்சை எடுத்ததும் மாமா வலது கையை நீட்டினார். அப்பா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கொக்கி ‘டிக்’கென்று விழுந்தது. மாமா கையைத் தூக்கி எல்லாரையும் கும்பிட்டார். வாட்ச் ஒரு விரற்கடை கூட நகரவில்லை. குனிந்திருந்த அக்காவின் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அத்தை ஒருத்தி கைக்குட்டை கொடுத்தாள்.

இன்று பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கல்யாணம் நிச்சயமான அக்கா மகள், மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டே அவனுக்கு வாட்ச் தேர்ந்தெடுக்கிறாள். அவன் செருப்பு அளவு வரை அவளுக்குத் தெரியும். கயிற்றைக் கொடுத்து யாரையும் அனுப்ப வேண்டிய கூச்சம் இப்போது எந்த வீட்டிலும் இல்லை. போன வாரம் அவள் அக்காவிடம் கேட்டாள், “கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவப் பத்தி ஒனக்கு இன்னாதாம்மா தெரியும்?”

“எடது கைக்காரர்னு தெரியும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றாள் அக்கா. “ஆனா அவரே சொல்லி அனுப்புனாரு.”