ஒரு சாண் படத்துக்கு ஒரு வார்டு

மறைந்த தலைவர்களிடமிருந்து கூட்டணி நடத்தக் கற்றுக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், எனக்கு மாமல்லபுரத்துக் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வரும். உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பு அங்கே கூட்டணி ஊழியர் கூட்டம். பழைய செய்தித்தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பவன் என்பதால், தலைவர்கள் காட்டிய கூட்டணி தர்மத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூட்டம் தொடங்குகிற வழியைக் காணோம். மேடை ஃப்ளெக்ஸில் பெரிய கட்சியின் மறைந்த தலைவரைவிடச் சின்னக் கட்சியின் மறைந்த தலைவர் ஒரு சாண் சிறியவராக இருந்தார். சின்னக் கட்சியின் வட்டாரச் செயலாளர் நாற்காலிமேல் ஏறி, இரண்டு முகங்களையும் தாடையிலிருந்து நெற்றிவரை டேப் வைத்து அளந்தார். உயிரோடிருந்தபோது அந்த இருவரும் மேடைக்கு மேடை துரோகி என்று திட்டிக்கொண்டது எந்த மாதம், எந்த ஊரில் என்பது எனக்குத் தெரியும். அளந்தவருக்குத் தெரியாது.

"எங்க தலைவரு இன்னா உங்காளுக்குப் பேரனா? மூஞ்சி இத்துனூண்டு கீது!"

"எறங்கு அண்ணாத்த, பேசிக்கலாம்" என்றார் பெரிய கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

மணமகள் அறையில் பேசினார்கள். கதவைச் சாத்தவில்லை. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"படத்த சமமா அடிச்சுடலாம். செங்கல்பட்டுல சொன்னா மத்தியானத்துக்குள்ள வந்துடும். சதுரங்கப்பட்டினம் வார்ட மட்டும் எங்களுக்கு வுட்டுடு."

"மாலையும் அதே சைஸுல வோணும்."

"மாலையும்தான்."

முடிந்தது பேச்சுவார்த்தை. அந்த ஒன்றியக் கவுன்சிலர் வார்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னக் கட்சிப் பெண் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லப்பட்டிருந்தது. மீன் வியாபாரம் செய்பவர். குடிதண்ணீருக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்.

"அண்ணாத்த, என் வார்டு இன்னா ஆச்சு?"

"தலைவருக்கு மரியாத வாங்கியாச்சும்மா. அதான முக்கியம்?"

"படம் வந்து தண்ணி லாரிய கூப்புடுமா?"

செயலாளர் சாப்பாட்டுப் பந்தி பக்கம் போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, புது ஃப்ளெக்ஸின் கீழே நின்று பேசினேன். பழைய தலைவர்கள் உத்தமர்கள் அல்ல, காலையில் கட்டித் தழுவி மாலையில் கைகழுவியவர்கள்தான் என்றேன். ஆனால் அவர்கள் இடத்துக்காகத்தான் சண்டை போட்டார்கள். கௌரவத்தை வாங்கிக்கொண்டு இடத்தை விட்ட கட்சிக்கு அடுத்த தேர்தலில் மேடையில் நாற்காலிகூடக் கிடைக்கவில்லை என்றேன். எதிர்க்கூட்டணியைச் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு செயலாளர்களும் பலமாகக் கைதட்டினார்கள்.

அந்தப் பெண் தட்டவில்லை. பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க எங்க வார்டுதான? சுயேச்சையா நிக்கப்போறேன். முன்மொழிய ஆளு வோணும்."

"கட்சியை விட்டு நீக்கிடுவாங்களேம்மா."

"நீக்கட்டும். கையெழுத்து போடுவீங்களா, மாட்டீங்களா?"

போட்டேன். அவர் ஜெயிக்கவில்லை. வாக்குகளைப் பிரித்ததில் கூட்டணியும் தோற்றது. இரண்டு செயலாளர்களும் இன்றுவரை அவரைத் துரோகி என்கிறார்கள். பழைய தலைவர்கள் விட்டுச்சென்றவற்றில் இந்த ஒரு சொல்லைத்தான் இவர்கள் பிழையில்லாமல் படித்திருக்கிறார்கள்.