கொட்டகையின் பெண்கள் வாசல்

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவர்களுக்கு நாடகம் பாதிதான் தெரியும். நாடகம் பார்க்க வருகிறவர்களை முழுசாகத் தெரியும். என்னைப் போல வாசலில் நின்று கால் வீங்கினவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆமாம் என்பீர்கள். ராமநாதபுரத்தில் அப்போதெல்லாம் நாடகம், பாட்டுக் கச்சேரி, கதாகாலட்சேபம், பள்ளிக்கூட விழா, எது நடந்தாலும் எங்கள் கொட்டகையில்தான் நடக்கும். தனுஷ்கோடியிலிருந்து ரயிலேறி வருவார்கள். பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். என் வீட்டுக்காரர் அங்கே லைட் போடுகிறவர். நான் பெண்கள் வாசலில். வருகிற பெண்களுக்கெல்லாம் என் பெயர் டிக்கெட்டக்கா.

அவிழ்க்காத வண்டி

முதலில் பெண்களுக்கென்று தனி வாசல் கிடையாது. எங்கள் முதலாளி மரைக்காயர், தோணி வியாபாரத்தில் சம்பாதித்தவர். ஊரில் எல்லாரும் ஒன்றாக வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கொட்டகையைக் கட்டினார். ஆனால் பெண்கள் பக்கம் காலியாகவே கிடந்தது. "வாசல்ல ஆம்பளை நிக்கிறான், எந்தப் பொம்பளை வருவா?" என்று ஒருநாள் அவரே கேட்டுக்கொண்டு, பக்கச் சுவரை இடித்து ஒரு வாசல் வைத்தார். என்னை அங்கே உட்கார வைத்தார்.

முதல் நாள் புதுமடத்திலிருந்து துணி கட்டி மறைத்த கூண்டு வண்டி ஒன்று வந்து, எதிரே வேப்பமரத்தடியில் நின்றது. யாரும் இறங்கவில்லை. மாட்டையும் அவிழ்க்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நானே போய்த் துணியை விலக்கினேன். உள்ளே ஒரு அம்மாவும் மருமகள்களும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மருமகள்கள் குதித்து இறங்கினார்கள். மாமியார் கடைசியாக இறங்கி வண்டிக்காரரிடம் சொன்னார்: "மாட்டை அவுத்துருப்பா. ஆம்பளை நின்னா திரும்பிப் போயிரலாம்னுதான் இம்புட்டு நேரம் பூட்டியே வச்சிருந்தேன்."

பிலோமினாவின் கூடை

பிலோமினா தனுஷ்கோடிக்காரி. சந்தைக்குக் கருவாடு கொண்டுவருவாள். நல்ல நாடகம் நடக்கிறது என்று தெரிந்தால் விற்றும் விற்காமலும் கூடையோடு கொட்டகைக்கு வந்துவிடுவாள். ஒருநாள் அவள் பக்கத்தில் ஒரு ஆபீசர் வீட்டம்மா உட்கார நேர்ந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார். இரண்டு பேரில் யாரையும் வெளியே அனுப்ப எனக்கு மனசில்லை. கூடையை மட்டும் வாங்கி என் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்கக் கருவாட்டோடு நான்தான் குடும்பம் நடத்தினேன்.

நடுவில் எட்டிப் பார்த்தால், மேடையில் யாரோ செத்துப்போக, ஆபீசர் வீட்டம்மா பிலோமினா தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறார். பிலோமினா அவர் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். நாடகம் முடிந்து வெளியே வந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் ஸ்டூலுக்கு அடியில் குனிந்து பார்த்துக் கேட்டார்: "அதுல நெத்திலி இருக்கா?"

ராணியின் மனைவி

அப்போது எங்கள் கொட்டகைக்கு வந்த கம்பெனியில் பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான் கட்டுவார்கள். சுந்தரம் என்று ஒருவர், பரமக்குடி நெசவுக்காரர், தறியை விட்டுவிட்டுக் கம்பெனியோடு கிளம்பி வந்தவர். ராணி வேஷத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றாள். "நான் நாடகம் பார்க்க வரலை. ராணியாக் கட்டுறாரே, அவரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள். பெயர் காமாட்சி. நாடகத்துக்கு முன்னால் யாரையும் கூப்பிட முடியாது, உட்கார்ந்து பார் என்று உள்ளே அனுப்பினேன்.

அன்றைய நாடகத்தில் ராஜா ராணியை விட்டுவிட்டுப் போய்விடுவார். ராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அவரைத் தேடுவாள். சுந்தரம் அழுதார், பெண்கள் பக்கம் மொத்தமும் அழுதது. காமாட்சி மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நாடகம் முடிந்ததும் சுந்தரம் பாதி அரிதாரம் கலைத்த முகத்தோடு ஓடி வந்தார். இருவரும் சுவரோரமாக நின்று பேசினார்கள். மறுநாள் காலை பரமக்குடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நல்ல ராணி போனாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மூன்று பேருமாகத் திரும்பி வந்தார்கள். அவர் ராணி, அவள் கம்பெனிக்குச் சமையல். அன்றைக்கு அவரிடம் என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். காமாட்சி சொன்னாள்: "முந்தானையைக் கடிச்சுக்கிட்டு அழுதீகளே, அது நான் அழுகிற அழுகை, வீட்டுல நீங்க அதைப் பார்க்கவே இல்லைன்னுல்ல நினைச்சிருந்தேன்னு சொன்னேன், அம்புட்டுத்தான்க்கா."

முன்வாசல் பிரசங்கம்

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மகள் பரதநாட்டியம் கற்றுக்கொண்டு எங்கள் மேடையில் ஆடுவதாக ஏற்பாடு. நல்ல குடும்பத்துப் பெண் மேடையேறலாமா என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. ஒரு வக்கீல், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வாசலில் நின்று பிரசங்கம் செய்தார். கல் விழுமோ என்று எல்லாருக்கும் கலக்கம். அந்தப் பெண் சலங்கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மரைக்காயர் நாற்காலியும் மோரும் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்து, "நின்னுக்கிட்டே பேசாதீக, கால் வலிக்கும்" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து சண்டை போடுவது கஷ்டம்தானே.

உள்ளே அந்தப் பெண் ஆடினாள். பயமெல்லாம் முதல் தாளத்தோடு போய்விட்டது. அவ்வளவு அழகை அந்த மேடை அதற்கு முன் கண்டதில்லை. முடிந்ததும் என் வாசல் வழியாக முதலில் வெளியே வந்தது வக்கீல் வீட்டம்மாவும் இரண்டு மகள்களும். அந்தம்மா என் காதருகே குனிந்து சொன்னார்: "நாளைக்கும் ஆட்டம் உண்டுன்னா சொல்லிவிடு. அவுகளை இன்னொரு தடவை பேச அனுப்பி வைக்கிறேன்."

திரை விரித்த நாட்கள்

அறுபத்து நாலு மார்கழியில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களில் கொஞ்சம் பேரை எங்கள் ஊருக்குக் கூட்டி வந்தார்கள். மரைக்காயர் கொட்டகையைத் திறந்துவிட்டார். பெண்கள் என் வாசல் வழியாக வந்தார்கள். அவர்களில் பிலோமினாவும் இருந்தாள். புருஷன் இல்லை, வீடு இல்லை. இரண்டு பிள்ளைகள் மட்டும் கையில். பழக்கத்தில் வாசலில் நின்று டிக்கெட் காசுக்கு மடியைத் தடவினாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

போர்த்தத் துணி போதவில்லை. மேடைத் திரைகளை அவிழ்க்கச் சொன்னார் மரைக்காயர். அரண்மனைத் திரையிலும் நந்தவனத் திரையிலும் பிள்ளைகள் படுத்தார்கள். காமாட்சி கஞ்சி காய்ச்சினாள். அத்தனை பிள்ளைகள் இருந்தும் கொட்டகையில் சத்தமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் சுந்தரம் யாரையும் கேட்காமல், வேட்டிக்கு மேலே காமாட்சியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, மாமியாராகவும் மருமகளாகவும் தானே சண்டை போட்டுக் காட்டினார். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

மறுநாள் ஊர்க்காரர் ஒருவர் வாசலுக்கு வந்து, "எழவு விழுந்த இடத்துல கூத்தடிக்கிறீகளே, இது அடுக்குமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற பிலோமினா நிதானமாகச் சொன்னாள்: "அழுகிறதுக்கு எங்ககிட்ட நெறைய இருக்குய்யா. பிள்ளைக சிரிச்சது நேத்துத்தான்."

ஒரு ஊரையே ஒன்றாக உட்கார வைத்த கொட்டகையில் இத்தனை காலம் வேலை பார்த்து நான் கண்ட மிச்சம், இன்றைக்கும் கல்யாண வீட்டு வாசலில் நின்றால் உள்ளே வருகிற பெண்களிடம் டிக்கெட் கேட்டு நீண்டுவிடுகிற இந்தக் கைதான்.