வாள் சுமந்தவன்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள். அன்று நான் குடித்திருக்கவில்லை, தூங்கி வழியவுமில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பழைய ஓவியங்களைச் சரிசெய்வது என் தொழில். என் அண்ணன் ஒரு பெரிய முதலாளிக்குக் கார் ஓட்டினான். முதலாளி வேட்டைக்குப் போனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பான். அவன் சிபாரிசில்தான் அந்த வீட்டு வேலை எனக்குக் கிடைத்தது.

ஆளுயர ஓவியம். முதலாளியின் தாத்தா வெறுங்கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு வேலைக்காரன், உறையிட்ட வாளை இரண்டு கையாலும் தாங்கியபடி.

"அந்த ஆள அழிச்சிடு. வாளத் தாத்தா கையில குடு," என்றார் முதலாளி.

"ஐயா, வாளச் சுமக்கத் தனியா ஒரு ஆள் நிக்கிறதுதாங்க இதுல பெருமையே. அவரே தூக்கினா வெறும் சிப்பாய் மாதிரி ஆயிடுவாரு."

"சொன்னதச் செய்."

பக்கத்தில் நின்ற அண்ணன் கண்ணால் கெஞ்சினான். வேலை போனால் அவனுக்கு வேறு கதி இல்லை, இரண்டு பிள்ளைகள். "சரிங்க," என்றேன்.

மறுநாள் முதலாளியும் அண்ணனும் வேட்டைக்குக் கிளம்பினார்கள். கூடத்தில் நான் மட்டும். பட்டப்பகல். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. வேலைக்காரன்மேல் பழுப்பு வண்ணத்தைப் பூசினேன். முகம் மறைந்தது, வாளும் மறைந்தது. தூரிகையைக் கழுவிவிட்டுத் திரும்பினால்...

அவன் நின்றான்.

வண்ணம் நீர்த்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கெட்டியாகக் குழைத்து மறுபடி பூசினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு. ஹ்ஹா... ஹ்ஹா... பாரம் சுமப்பவன் விடுகிற மூச்சு.

திரும்பினேன். யாருமில்லை.

மறுபடி ஓவியத்தைப் பார்த்தேன்...

அதே ஆள். வேறு முகம்.

இடது புருவத்தில் தழும்பு...

அண்ணனின் தழும்பு.

மணி நாலு பத்து.

இருட்டியபோது அண்ணி போனில் கதறினாள். அண்ணன் நெஞ்சில் குண்டு பாய்ந்திருந்தது. வெடிச்சத்தம் கேட்டபோது நாலு பத்து என்றார் காட்டோரத் தோட்டக்காரர் ஒருவர்.

முதலாளி போலீசிடம் சொன்னது இது: "என் பின்னால யாருமே வரல. எனக்குத் தெரியாம துப்பாக்கிய எடுத்துட்டுப் போய் அவனே சுட்டுக்கிட்டான்."

எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். என் அண்ணனை அழித்தாயிற்று, என்னைவிட நேர்த்தியாக.

போன வாரம் வேறொரு ஓவியர் போன் செய்தார். இப்போது அந்த வேலை அவரிடம்.

"எத்தன தடவ பூசினாலும் அந்த ஆளு வந்து நிக்கிறானே! நீங்க பாத்தப்பவும் வாள உருவிக்கிட்டுத்தான் நின்னானா?"

இல்லை. அப்போது அது உறைக்குள் இருந்தது.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி காதுக்குப் போய்விடும்.