மமோர் ஏற்றமும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் யூனா ஹார்கினுக்குக் குடலில் புற்றுநோய் வந்தபோது ஊரில் ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. "அந்த வியாதி" என்றார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள், உரக்கச் சொன்னால் தங்கள் வீட்டுக்கும் வழி கேட்டு வந்துவிடும் என்பதுபோல. யூனா மட்டும் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டு, "குடல்ல புற்றுநோய்ப்பா. ஒரு முழம் வெட்டி எறிஞ்சிட்டாங்க. சாசேஜ் இருந்தா அரைக் கிலோ போடு" என்பாள். பின்னால் நிற்கும் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அந்த வாரம் கடைக்காரனுக்குக் குடல் உறையில் கறி அடைத்த அந்த சாசேஜ் விற்கவே இல்லை.

அவளை எனக்குப் பிடிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். சொந்த அத்தை என்ற உறவைக்கூடப் பார்க்காமல், கொஞ்சம் தாமதமானதற்காக என் பிள்ளைகளையே மழையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்படி ஊரையே ஏற்றி இறக்கியவளை, நோய் வந்த வருடம் முழுவதும் மற்றவர்கள் ஏற்றி இறக்கினார்கள். காரில் ஏற்றினார்கள், சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கழிப்பறைக்குக்கூட யாரோ ஒருத்தி தள்ளிக்கொண்டு போனாள். சாவைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. அந்தச் சக்கர நாற்காலியைப் பற்றித்தான் புலம்பினாள்.

"என்னை மூட்டையாக்கிட்டாங்க பெர்னி," என்றாள் ஒரு நாள். அன்றைக்கு மட்டும் அவள் கண் கலங்கியது.

உடம்பு தேறியதும் ஒரு அறிவிப்பு விட்டாள். அயர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் மிசன் முனையிலிருந்து, வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் மாதா கோயில் வாசல்வரை சைக்கிளில் வருவாளாம். வசூலாகும் பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. "முழு தூரமும் என் காலாலதான். ஒரு அடி யாராவது என்னைத் தூக்கிட்டுப் போனாலும் அது செல்லாது" என்றாள். கடைசி நாளில் சமவெளிச் சாலை இருக்க, வேண்டுமென்றே மமோர் கணவாய் வழியைத் தேர்ந்தெடுத்தாள். அந்த ஏற்றத்தில் ஆடுகளே நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறும்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு நல்ல எண்ணம் வந்தால் போதும், உடனே அதைக் கெடுக்க ஒரு கமிட்டி போடுவார்கள். தலைவர் டொனல் ஃபாரன். மதுக்கடையும் சவ அடக்கத் தொழிலும் சேர்ந்தே நடத்துகிறவர். முன்வாசலில் குடிக்க வைத்துப் பின்வாசலில் புதைப்பவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள். பிணத்துக்கு மைக் கிடைக்காது என்பதால் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

சுவரொட்டிக்குப் படம் எடுக்கும்போதே தகராறு. நோயிலிருந்து எழுந்த யூனா நன்றாகச் சாப்பிட்டுப் பருத்திருந்தாள்.

"கொஞ்சம் சோர்வாப் பாரேன் யூனா. உன்னைப் பார்த்தா யாருக்குக் காசு போடத் தோணும்?" என்றார் டொனல். "தலையில ஒரு துணி கட்டிக்கோயேன்."

"எதுக்கு? முடிதான் வளர்ந்திருச்சே."

"அதாம்மா பிரச்சினை."

"அப்ப உன் மொட்டைத் தலையைப் படம் எடுத்துப் போடு, கோடிகோடியாக் கொட்டும்."

சைக்கிளுக்குத் துணையாக ஒரு வண்டி வேண்டுமே. டொனல் பெருந்தன்மையாகத் தன் வேனைக் கொடுத்தார். சவப்பெட்டி ஏற்றுகிற கறுப்பு வேன். பக்கவாட்டில் பலூன் கட்டியிருந்தார்கள். ஓட்டுவதற்கு அவரிடம் வேலை பார்க்கும் பாகி. பாவம், பாகிக்கு மெதுவாக ஓட்டித்தான் பழக்கம். சைக்கிளுக்குப் பின்னால் வர அவனைவிடத் தோதான ஆள் கிடைக்கமாட்டான்.

யூனா கிளம்பினாள். போகிற ஊரிலெல்லாம் ஹாம் சாண்ட்விச்சும் டீயும் கொடுத்துத் திணறடித்தார்கள். வெட்டிய குடலோடு இருப்பவளுக்கு வறுத்த பன்றிக்கறி வைத்த புண்ணியவதிகளும் உண்டு. மழை, எதிர்க்காற்று, இடுப்பு வலி எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே மிதித்து வந்தாள். கடைசி நாள் மமோர் அடிவாரத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது நேரமாகிவிட்டது.

ஊர் மண்டபத்தில் வரவேற்பு ஏற்பாடு. தொகுதி எம்.பி. வந்து உட்கார்ந்திருந்தார், அடுத்து அவர் ஒரு சாவு வீட்டுக்குப் போயாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் தலைகாட்டாத எம்.பி.க்கு ஓட்டு விழாது. அந்தச் சாவையும் டொனல்தான் அடக்கம் செய்கிறார். ஆகவே இரண்டு வாடிக்கையாளர்களையும் காக்கவைக்க மனமில்லாமல், காரை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கே வந்துவிட்டார்.

"நனைஞ்சு போயிட்டியே! வேன்ல ஏறி ஒரு வாய் டீ குடிச்சிட்டு அப்புறம் மிதி," என்றார்.

ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. அந்த வேனின் பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே போன யாரும் இதுவரை கேட்டதில்லை. டொனல் சைக்கிளைத் தன் காரின் மேல் கட்டிக்கொண்டார். பாகி வேனைக் கிளப்பினான். மலைமேல் ஒரு விவசாயி கறுப்பு வேனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டானாம். உள்ளிருந்து யூனா கத்திய கெட்ட வார்த்தைகளைக் கேட்டு, போட்ட சிலுவையை இன்னொரு தடவையும் போட்டானாம். பாகியே பிறகு என்னிடம் சொன்னான்.

ஊர் வளைவில் இறக்கிவிட்டார்கள். "கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி வா," என்றார் டொனல். அவருக்கு அவள் பதில் சொல்வதற்குள் பேண்டு வாத்தியம் முழங்கி, அவளுடைய பேருந்துப் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போக அவளால் முடியவில்லை.

மண்டபத்தில் மைக்கைக் கொடுத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "நான் முழுசா சைக்கிள்ல வரலை. மமோர் ஏற்றத்தை டொனலோட பொண வண்டியிலதான் கடந்தேன். கைதட்டாதீங்க."

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு.

எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. இங்கே ஒருவன் கடலில் குதித்து மூன்று பேரைக் காப்பாற்றினாலும், "எனக்கும் குளிக்க வேண்டியிருந்துச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். செய்ததைச் செய்தேன் என்று சொல்கிறவன் தலைக்கனம் பிடித்தவன். யூனா அந்த மரியாதையைத்தான் காப்பாற்றுகிறாள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"நிஜமாத்தான் சொல்றேன், மடப்பசங்களா!" என்று கத்தினாள்.

"பாத்தீங்களா, கொஞ்சமாவது கர்வம் இருக்கா?" என்று என் பக்கத்திலிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எம்.பி. எழுந்து நின்று தட்டினார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் டொனல். பாகி மட்டும் தன் டீக்கோப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கரடியாய்க் கத்தியும் யூனாவின் உண்மையை வாங்க அந்த மண்டபத்தில் ஆள் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு மைக்கைக் கீழே வைத்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றாள். "காரை எடு."

அடிவாரத்தில் முந்தின நாள் வேன் நின்ற இடத்தில், பாகி வீசியெறிந்த டீத்தூள் பொட்டலம் இன்னும் கிடந்தது. அதற்கு ஒரு சாண் பின்னால் முன்சக்கரத்தை வைத்தாள். ஏய்ப்பு இருக்கக் கூடாதாம்.

"முடியலேன்னா இறங்கித் தள்ளிட்டு வா. அதுவும் உன் காலுதானே," என்றேன்.

"வாயை மூடிட்டு முன்னால போ."

மேலே போய்ப் புனிதக் கிணற்றருகே காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் சைக்கிள் நின்று, பக்கவாட்டில் சாய்ந்து, புல்லில் விழுந்தாள். எழுந்தாள். விழுந்த இடத்துக்கும் கீழே போய் அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி விழுந்தாள். ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. அவள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. அவளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. கையை உயர்த்தினேன்.

"தட்டினே, கிணத்துல தள்ளிடுவேன்," என்றாள்.

முந்தின நாள் வரவேற்பில் மிஞ்சிய முட்டை சாண்ட்விச்சைக் கொடுத்தேன். தின்றுவிட்டு இறங்கிப் போனாள். ஊரில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் கால்பந்து பார்க்கப் போயிருந்தார்கள். மாதா கோயில் கதவில் முன்சக்கரத்தை முட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வட்டாரப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. கீழே: "ஒவ்வோர் அங்குலமும் தன் காலாலேயே." டொனல் அதைச் சட்டம் போட்டு மதுக்கடைச் சுவரில் மாட்டியிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும், யூனாவின் காதருகே குனிந்து கண்ணடித்தார்.

"பயப்படாதே. அந்த விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும். உசிரே போனாலும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

யூனா சட்டத்துக்குள் இருந்த வரியை ஒரு தடவை நிதானமாகப் படித்தாள். சரிதான் என்று தலையாட்டினாள்.

"சொல்லாதே டொனல்," என்றாள். "சொன்னா பொய் சொன்ன பாவம் உனக்குத்தான் வரும்."