ரைட்டர் ஊரில் இல்லை

திருவொற்றியூரில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கல்யாணத்தில் பிரியாணி பாதியில் தீர்ந்துபோனது, எந்த மாப்பிள்ளையின் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவனுக்கு அதுதான் மூலதனம். அப்படிப்பட்ட எனக்கு ஸ்டெல்லா மேடம் இறந்துபோன செய்தி எல்லோருக்கும் கடைசியாக வந்தது. அதுவும் ரயிலில் இரண்டு ராத்திரி தள்ளி, வடக்கே ஒரு பல்கலைக்கழக விடுதியிலிருந்து.

நான் அப்போது கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் கண்புரை அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரிடையர்டு வில்லன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு ஆகாது என்று அக்கா பிடுங்கி வைத்திருந்த போன் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. வடக்கே படிக்கப் போயிருந்த மகேஸ்வரி கூப்பிட்டாள்.

"சார், ஸ்டெல்லாக்காவப் பத்தி சொல்றாங்களே, நெஜமா?"

"என்ன சொல்கிறார்கள்?" என்றேன். அவள் அழுதாள். திங்கட்கிழமை காலையில் பால் வாங்கப் போனவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மாரடைப்பு. நான் கேள்விப்பட்டபோது அடக்கமும் முடிந்திருந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கடையையும் தெரியும். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷட்டரைத் தூக்கிவிடுவார். அன்றைக்கு வியாபாரம் கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போடும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கடை. சேரும்போதே கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் தந்துவிடுகிற பெரிய உதவித்தொகைகள் சில உண்டு. மதிப்பெண் மட்டும் போதாது, தலைமைப் பண்பு வேண்டும் என்பார்கள். நம் பக்கத்தில் அதற்கு 'லீடர் ஸ்காலர்ஷிப்' என்று பெயர்.

நான்கு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஷயம் தெரியாமல் ஆதார் அட்டையை நகலெடுக்கப் போனேன். "பொஸ்தகத்துல எய்துற ஆளு நீதான? குந்து," என்றார். குந்தினேன். அப்புறம் எந்த ஞாயிறும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு கூத்து. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவிடம், "இரும்மா, ரைட்டரு வந்துருவாரு, அவரு எய்திக் குடுப்பாரு," என்று மேடம் சொல்ல, அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எங்க மேல கேஸு எதுவும் இல்லக்கா!" நம் பக்கத்தில் ரைட்டர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர்தானே. நான் உள்ளே நுழைந்தபோது மேடம் சிரித்துச் சிரித்து மிஷின் மேல் சாய்ந்திருந்தார். "டேஷன் ரைட்டரு காசு வாங்கினு பொய் எய்துவாரு. இவரு சும்மாவே எய்துவாரும்மா. பயப்படாத, வா." அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

சும்மாவே பொய் எழுதுவேன் என்று அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். நான் அதை நிரூபித்துக் காட்டினேன்.

மகேஸ்வரி எண்ணூர்க் குப்பத்துப் பெண். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: நீங்கள் தலைமை ஏற்ற ஒரு சந்தர்ப்பத்தை முந்நூறு சொற்களில் விவரிக்கவும். அதைக் கேட்டதும் அவள் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "லீடர்லாம் எங்க வூட்ல யாரும் இல்ல சார். அவங்க அப்பா எந்தக் கட்சியிலயும் இல்ல, சங்கத்துல கூட சேரல. லீடர் வூட்டுப் பசங்களுக்குத்தான் குடுப்பாங்கன்னா நாங்க போறோம்." இது கிடைக்காவிட்டால் மறு வாரமே இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும், பேசி முடித்தாயிற்று. அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனம் தாங்கவில்லை. மனம் தாங்காதபோது நான் கற்பனையில் இறங்கிவிடுவேன். மாணவர் தலைமை மன்றத்துக்கு அவளைச் செயலாளர் ஆக்கினேன். நூறு மரக்கன்று நட வைத்தேன். ரத்ததான முகாம் ஒன்றையும் நடத்திக் கொடுத்தேன். மேடம் படித்துப் பார்த்தார்.

"மரக்கன்னு எங்க கீது?"

"எண்ணூரில்."

"எண்ணூர்ல பவர் ஹவுசு சாம்பலு கீது, பைப்பு கீது. உன் மரம் மட்டும் எங்கயும் காணோமே ரைட்டரே." எல்லாவற்றையும் அழித்துவிட்டு மகேஸ்வரி பக்கம் திரும்பினார். எல்லாப் பிள்ளைகளிடமும் அவர் கேட்கும் கேள்வி அது, உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். "தோ பாரு, நீ ஒரு வாரம் ஊர்ல இல்லன்னு வெச்சுக்கோ. இன்னா நின்னுபோவும்?"

அவள் விரல்களிலிருந்து கண்ணை எடுத்தாள். "குடம் வரிசைக்கா."

அவர்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது தினமும் மண்டை உடையுமாம். ஒன்பதாவது படிக்கும்போது இவள் சாக்பீஸால் குடங்களுக்கு எண் போட்டிருக்கிறாள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக் குடம் முன்னால். இன்றைக்குக் கடைசியில் நின்ற குடம் நாளைக்கு முதலில். மூன்று வருடமாகச் சண்டை இல்லை. "அத்தப் போயி எப்டிக்கா எய்துறது? கலீஜா இருக்கும்," என்றாள்.

"குடத்தைத் தூக்கிக்கொண்டா பல்கலைக்கழகத்துக்குப் போவது?" என்று நானும் கேட்டேன். நகைச்சுவைதான் என் தொழில் என்றாலும் அது நகைச்சுவை இல்லை, பயம். மேடம் என்னைப் பார்த்து, "கம்னு கெட," என்றார். அந்தப் பெண் தன் கையாலேயே எழுதினாள்.

நேர்காணல் அதே கடையில், அதே கம்ப்யூட்டரில், பாதி இறக்கிய ஷட்டருக்குள் நடந்தது. திரையில் மூன்று பேர். அதில் தமிழ் தெரிந்த ஓர் அம்மா இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நானும் மேடமும் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தோம். கடைசியாக அந்த அம்மா, "நீ இங்கே வந்துவிட்டால் அந்த வரிசை என்ன ஆகும்?" என்று கேட்டார். மகேஸ்வரி சொன்னாள்: "எதுத்த வூட்டு திவ்யா பாத்துக்கினு கீறா மேடம். ரெண்டு மாசமா நான் தள்ளி நின்னு பாக்குறேன். நின்னுபோவல."

ஸ்டெல்லா மேடம் இருட்டில் என் முழங்கையைக் கிள்ளினார். தழும்பு இருக்கிறது என்று எழுத ஆசைதான். இல்லை.

அவள் வடக்கே போனாள். பிறகு மேடம் அந்தக் கேள்வியை என் பக்கம் திருப்பிவிட்டார். பிள்ளைகள் யாரும் வராத நேரத்தில், தேநீரை ஊதிக்கொண்டே, "ரைட்டரே, நீ ஒரு வாரம் இல்லன்னா இன்னா நின்னுபோவும்?" என்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்தேன். "ஊரில் வதந்தி நின்றுபோகும்." "கொசுவுக்குச் சாப்பாடு நின்றுபோகும்." அவர் சிரிப்பார். ஆனால் விடமாட்டார். "இது நக்கலு. பதிலு எங்க?"

உண்மையில் என்னிடம் பதில் இல்லை. தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். நான் ஒரு வாரம் கதவைத் திறக்காவிட்டால் பேப்பர் போடுகிறவர்தான் முதலில் கவனிப்பார், அவரும் பேப்பர் சேர்ந்துவிட்டதே என்றுதான் பார்ப்பார். இதையெல்லாம் ஒரு பெண்மணியிடம் சொல்ல முடியுமா?

எங்கள் இருவரையும் சேர்த்து ஊரில் ஒரு பேச்சு ஓடியது உங்களுக்குத் தெரியாததல்ல. வதந்திகளை ஆராய்ந்து எழுதும் நான் அந்த ஒன்றை மட்டும் மறுக்கவே இல்லை. "இன்னா ரைட்டரே, நம்மளப் பத்தி இன்னாமோ பேசிக்கினு கீறாங்களாமே?" என்று அவரே ஒருநாள் கேட்டார். "தீர விசாரித்துச் சொல்கிறேன்," என்றேன். விசாரிக்காமலே இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் இருபது வருடம் கடிதம் அடித்தவர் அவர். அவருடைய ஆங்கிலத்துக்கு முன்னால் என்னுடையது கைநாட்டு. நான் எழுதியதையெல்லாம் அவர்தான் திருத்தினார். அப்புறம் அவருக்கு நான் எதற்கு? இதை நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அறுவைக்குக் கிளம்புவதற்கு முன் கடைக்குப் போய், "இரண்டு ஞாயிறு வரமாட்டேன்," என்றேன். "போ, நல்ல கண்ணோட வா. உன் எய்த்து ஏற்கெனவே கோணலு," என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தை கோணல்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்கள் பழக்கத்தில் சந்துக்குள் போய்விட்டன. ஷட்டர் மூடியிருந்தது. அதில் செல்லோடேப்பால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில், அவருடைய மார்க்கர் எழுத்து. புதுக் கண்ணில் முதன்முதலாகத் தெளிவாகப் படித்தது அதைத்தான்.

"ரைட்டர் ஊரில் இல்லை. ஞாயிறு கடை கிடையாது. அவர் வந்ததும் திறக்கப்படும்."

நான் இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமைக்காக ஒட்டியது. மறுநாள் காலையில்தான் பால் வாங்கப் போயிருக்கிறார்.

இன்னொரு தடவை படித்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது. கையில் ஃபைலோடு ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். மாதவரத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்கள். விஷயமே தெரியாது. "போன வாரமும் வந்துட்டுப் போனோம் சார். அந்த ரைட்டரு எப்ப வருவாருன்னு தெரியுமா?"

"வந்துவிட்டான்," என்றேன்.

எதிர் டீக்கடையில் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டு அவர்களை உட்காரவைத்தேன். நான் ஷட்டருக்குக் கீழே படியில் உட்கார்ந்தேன். மேடத்தின் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா வாயில் புடவையை வைத்துக்கொண்டார். பிறகு ஃபாரத்தைப் பிரித்து, அந்தப் பெண்ணிடம் நீ ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று கேட்டேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் தேநீரை ஊதுகிற சத்தம் ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவருடைய நாற்காலி, மிஷின், கம்ப்யூட்டர் எல்லாம் அவருடைய தம்பிக்குப் போயிற்று, அதுதான் முறை. நான் எடுத்துக்கொண்டது அந்தத் தாளை மட்டும்தான். கண்ணாடிக் கூட்டுக்குள் நான்காக மடித்து வைத்திருக்கிறேன். எந்தத் தாளிலும் ஒரு வரி பொய் எழுத விடமாட்டார் ஸ்டெல்லா மேடம். அதனால் நான் இல்லாவிட்டால் கடை நின்றுபோகும் என்று அவர் எழுதியதையும் நம்புகிறேன்.