காரட்டும் வெட்டப்படாத பரங்கிக்காயும்

அக்காவின் மகளுக்கு அந்தி சாய்ந்தால் கண் தெரிவதில்லை என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். சிறு பெண், விளக்கேற்றும் நேரமானால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தோம். ஒரு மாலை, அக்கா நீட்டிய சோற்றுத் தட்டை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தாள்.

சித்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாலைக்கண் என்றார்; விட்டுவிட்டால் கருவிழியே கெட்டுவிடும் என்றும் சொன்னார். அவர் கொடுத்த மீனெண்ணெய் குழந்தையின் வயிற்றில் தங்கவில்லை. ஊற்றிய மறுகணமே வாந்தி. "அப்படியானால் காரட் கொடுங்கள், நிறையக் கொடுங்கள்" என்று அனுப்பினார்.

நகரிக்குப் பக்கத்தில் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அந்நாளில் காரட்டைக் கண்டவர்கள் குறைவு. திருப்பதிக் கடைத்தெருவில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கும். நான் அங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு வரும்போது ஒரு கட்டு வாங்கி வந்தேன். அது தீரும் முன் பஸ் நின்றுவிட்டது. சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு போயிருந்தது; எங்கள் ஊர்கள் அங்கேயா, சென்னையோடா என்பது முடிவாகாமல் இருந்த வருடங்கள் அவை. சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஆண்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் தேடி வரவே, அத்தானும் மற்றவர்களும் உறவுக்காரர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று பெண்களாகிய எங்களிடம் சொல்லவில்லை.

வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண்ணுக்கு நல்லதென்று சொல்லும் முருங்கைக்கீரைக்கும் வழியில்லை; மரத்தைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்திருந்தது. கல்லூரி நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த உணவுச் சத்துகள் பற்றிய புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். காரட்டுக்கு அந்த நிறத்தைத் தருவது எதுவோ, அதுவே உடம்புக்குள் போய்க் கண்ணுக்கான சத்தாக மாறுகிறது. அதே பொருள் பழுத்த பரங்கிக்காயின் சதையிலும் உண்டு. எடைக்கு எடை வைத்தால் காரட்டில்தான் மிகுதி; பரங்கி அதற்கு ஈடாகாது. ஆனால் காரட்டில் இரண்டு துண்டுக்கு மேல் அந்தக் குழந்தை தின்றதில்லை. வெல்லம் போட்ட பரங்கிக் கூட்டை ஒரு கிண்ணம் தின்பாள். எது சிறந்தது என்பதைவிட எது அவள் வயிற்றுக்குள் போகும் என்பதே அப்போதைய கணக்கு. இரண்டில் எதுவானாலும் எண்ணெயோ நெய்யோ சேராவிட்டால் சத்து முழுதும் உடம்பில் ஒட்டாது என்றும் போட்டிருந்தது. நாங்களோ காரட்டைத் தண்ணீரில் வேகவைத்து உப்புப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பரங்கிக்காய்கள் கூடத்து மூலையில் குவிந்து கிடந்தன. அக்காவின் கொல்லையில் காய்த்தவை.

"நான் வெட்டுறேன் அத்தை" என்று அரிவாள்மணையை இழுத்தேன்.

அக்காவின் மாமியார் அதைக் காலால் தள்ளிவிட்டார். "முழு பரங்கிய பொம்பள வெட்டுறதா? புள்ளைய வெட்டுறா மாதிரிடீ அது. ஆம்பள ஒரு போடு போட்டுக் குடுத்தா அப்புறம் நாம நறுக்கலாம். காலேஜில இத சொல்லித் தரலியா?"

"ஆம்பள எங்க அத்தை இருக்காங்க ஊர்ல?"

"வருவாங்க. எங்க போய்டுவாங்க."

நான் வாதாடத் தயாரானேன். அக்காவைப் பார்த்ததும் அரிவாள்மணையை விட்டுவிட்டேன். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காய்களையே வெறித்துக்கொண்டிருந்தாள். மற்ற நேரமானால் என்னோடு சேர்ந்து சிரித்திருப்பாள். குழந்தையின் பார்வையே ஊசலாடும்போது, பிள்ளைக்குச் சமமென்று சொல்லப்பட்ட ஒன்றின்மேல் அவள் கை எழவில்லை. அந்த அச்சத்தைப் புத்தகத்தால் நகர்த்த முடியாது.

மறுநாள் காலை ஒரு கான்ஸ்டபிள் வந்தார். தெலுங்குக்காரர், நாயுடுபேட்டைப் பக்கம். "ஏமம்மா, இண்டிலோ மகவாள்ளு எவரூ லேரா?" என்று வாசலில் நின்று கேட்டார். வீட்டில் ஆண்கள் இல்லையா என்கிறார்.

"ஆம்பள இருந்தா இது ஏன் இப்படி முழுசா கெடக்குது?" என்று மாமியார் மூலையைக் காட்டினார்.

அவர் எட்டிப் பார்த்தார். தாம் தேடி வந்த வேலையை ஒரு கணம் மறந்தவர்போல, "கும்மடிகாயா? ஆமா, ஆடவாள்ளு கொய்யகூடது. எங்க ஊட்லயும் அதேதான்" என்று பாதித் தமிழில் சொன்னார்; பெண்கள் பரங்கியை வெட்டக் கூடாது என்பது அவர்கள் பக்கமும் உண்டாம்.

"அப்ப நீயே ஒரு போடு போட்டுட்டு போ நைனா" என்றார் மாமியார். "குழந்தைக்கு கண்ணு தெரியல. நீ இன்னா கேக்கணுமோ வெட்டிட்டு கேளு."

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அரிவாளை வாங்கி, ஒரே வெட்டில் காயை இரண்டாக்கினார். உள்ளே சதை கெட்டி மஞ்சளாக இருந்தது. "மகவாடு லேடனி கும்மடிகாயே செப்துந்தி" என்று சிரித்தார்; ஆண் இல்லை என்று பரங்கிக்காயே சாட்சி சொல்கிறதாம். பிறகு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

நல்லெண்ணெய் விட்டு வதக்கிக் கொடுத்தோம். பின்னாளில் குழந்தையின் பார்வை முழுதும் திரும்பியது. ஆனால் அந்த நாட்களில் அது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வோர் அந்தியிலும் நான் அவள் முன்னால் எதையாவது நீட்டிக்கொண்டே இருந்தேன். "சும்மா இரேன்டி, அதுக்கே பயமா இருக்குது" என்று அக்கா கடிந்துகொள்வாள். நான் கொல்லைப் பக்கம் நகர்ந்ததும் அவளே ஒரு கரண்டியை நீட்டிப் பார்ப்பாள். வெள்ளைச் சேலை தெரிகிறது என்றாள் குழந்தை. வெண்கலச் சொம்பு தெரியவில்லை.

அந்த நிலையில் வெட்டிய காய் தீர்ந்தது. கான்ஸ்டபிளை வேறெங்கோ அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பஸ் இல்லை, அத்தானைப் பற்றிச் சேதியும் இல்லை. ஒரு பகல் முழுதும் அக்கா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். தெருவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். வெயில் தாழ்ந்ததும், யாரிடமும் கேட்காமல், ஒரு முழுப் பரங்கியை மடியோடு அணைத்து எடுத்துவந்து தரையில் வைத்தாள். அரிவாளை ஓங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வெட்டு வழுக்கியது, இரண்டாவதில் பிளந்தது.

மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். பின்பு உள்ளே போய் எண்ணெய்ச் சாடியை எடுத்துவந்து அடுப்பருகே வைத்தார்.

"வெட்டனது வெட்டிட்ட" என்றார். "எண்ணெயாவது கஞ்சத்தனம் பண்ணாம ஊத்து."